சகலைகளின் சர்வர்கள்

அலுவலகத்தில் அவர்களைப் பெரிய சகலை, சின்ன சகலை என்றுதான் சொல்வார்கள். பெரியவர் அக்காவைக் கட்டியவர், சின்னவர் தங்கையை. ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் படுக்கையில் விழுந்தபோது அவரை யார் வைத்துக்கொள்வது என்று வாய்த்தகராறு வந்தது. மாமனார் சின்னவர் வீட்டுக்குப் போனார். அத்தோடு சகலைகளுக்குள் பேச்சு நின்றது.

வேலை நிற்கவில்லை. சர்வருக்குள் நுழைந்ததும் திரையில் வரும் வரவேற்புச் செய்தியை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். ‘டிஸ்க் நிரம்பப்போகிறது’ என்று ஒருவர் அதில் எழுதுவார். ‘பார்த்தாயிற்று’ என்று கீழே இன்னொருவர் எழுதுவார்.

புதிதாக வந்த பொறியாளருக்கு இதெல்லாம் தெரியாது. சர்வருக்குச் சர்வர் ஒரு செய்தி இருப்பது அவளுக்கு அலங்கோலமாகப் பட்டது. எல்லாவற்றுக்கும் ‘அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்’ என்று ஒரே வாசகத்தை எழுதி ஒரு தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தாள். யாராவது அந்தச் செய்திக் கோப்பில் கை வைத்தால், அடுத்த சுற்றில் கருவி அதைப் பழையபடி ஆக்கிவிடும். எல்லோருக்கும் மெயிலும் போட்டிருந்தாள். சகலைகள் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் பெரியவர் ஒரு சர்வரில், ‘ஃபைல் காப்பி ஓடுகிறது, ரீஸ்டார்ட் வேண்டாம்’ என்று எழுதிவிட்டு மீட்டிங்குக்குப் போனார். சின்னவர் அதே சர்வருக்குள் நுழைந்தபோது ‘அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்’ என்றுதான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தார். காப்பி பாதியில் அறுந்தது.

பெரியவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பினார்.

“வீட்டுக் கோவத்த இங்க காட்டிட்டீங்கல்ல? நான் எழுதினத அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணிருக்கீங்க.”

சின்னவர் அப்படி எதையும் பார்க்கவேயில்லை என்றார். பெரியவர் நம்பவில்லை. இருவரும் குரலை உயர்த்தாததே மற்றவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. பொறியாளர் கருவியின் பதிவைத் திறந்து காட்டினாள்.

“அழிச்சது என் கருவி சார். இவர் உள்ள வர்றதுக்கு முன்னாடியே அழிச்சிருச்சு.”

சின்னவர் மெதுவாகக் கேட்டார். “அவ்வளவு மட்டமாவா என்னை நெனச்சீங்க?”

பெரியவர் அப்படித்தான் நினைத்திருந்தார். யோசிக்கக்கூடச் செய்யாமல் நினைத்தோமே என்பதுதான் அவரை உறுத்தியது.

குறிப்பு எழுத, கருவி தொடாத தனிக் கோப்பு ஒன்றை வைத்துத் தருவதாகப் பொறியாளர் சொன்னாள். சரி என்றார்கள். பிறகு அறுந்த காப்பியை விட்ட இடத்திலிருந்து தொடங்க இருவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வரை வேலைப் பேச்சு மட்டும்தான்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார். “மாமா எழுந்து உக்காருறாரா?”

“தலைகாணி வச்சா உக்காருறாரு. ஞாயித்துக்கெழம வந்து பாருங்களேன்.”

பெரியவர் வருவதாகச் சொல்லவில்லை. மாமா எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்.