இருநூறு பேருக்கு ஒரே விரல்

உத்தமபாளையத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் மூன்றாமாண்டு பயின்ற மதன்குமார், இணையத்தால் மாணவர்க்கு விளையும் கேடுகளைப் பற்றி ஆய்வேடு எழுதினான். அது தேறினால் பட்டம். பட்டம் கிட்டினால் ஜூன் மாதம் கோவையில் வேலை.

இருநூறு மாணவரிடம் விடை பெறவேண்டும் என்பது விதி. வினாப்பட்டியலை, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அடங்கிய கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இட்டான். பலரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினர், ஒருவரும் விடையளிக்கவில்லை. ஆகவே, இணையக் கருத்துக்கணிப்புகளைப் பற்பல பெயர்களில் நிரப்பிப் பொருளீட்டும் நண்பன் ஷானவாஸை நாடினான். அவன் தன் அறையில் படுத்தவாறே ஒரே மாலையில் இருநூறு மாணவராக அவதரித்தான். அன்று தேனியை அடுத்த வீரபாண்டியில் அம்மன் தேரோட்டம். ஊரே அங்கிருக்க, இந்த இருநூறு பேர் மட்டும் வீட்டிலிருந்தால் ஐயம் எழாதா? 'தற்போது இருக்கும் இடம்' என்னும் கட்டத்தில் இருநூறு முறையும் 'வீரபாண்டி' என்றே நிரப்பினான். தொழில் நேர்த்தி அத்தகையது.

வாய்மொழித் தேர்வு நடத்த வந்த பேராசிரியை மலையம்மாள் தேனிக்காரர். விடைகள் பதிவான நாளையும் இடத்தையும் இருமுறை பார்த்தார்.

"ஏம்ப்பா, தேரோட்டத்தன்னிக்கு நானும் அங்கனதான் நின்னேன். எங்க வீட்டுக்காரவுக கூட்டத்துல காணாமப் போயிட்டாக. ஒரு போன் போகல, டவரே இல்ல. இந்த இருநூறு பேருக்கு மட்டும் எந்த ஆத்தா டவர் குடுத்தா?"

மதன்குமார் ஆய்வேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழமைக்குள்ள இருநூறு பேரை நேர்ல பாத்து, தாள்ல எழுதி, கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா, கோயம்புத்தூர் வேலைன்னு சொன்னியே, அத மறந்துரு."

தாள்களுடன் கல்லூரி வாயிலில் நின்றவனுக்கு, அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. எதிரே வந்த ஒரு பெண்ணிடம் தாளை நீட்டினான்.

"நீங்க எந்த டிபார்ட்மெண்ட்டுண்ணே?" என்றாள் அவள்.

"காமர்ஸ். மூணாம் வருசம்."

"நானும் அதே கிளாஸ்தான். நசீம். ஒங்கள நான் பாத்ததே இல்லையே?"

"குரூப்புல சிங்கம் படம் வச்சிருப்பேன்ல, அது நாந்தான்."

"அட, அந்தச் சிங்கமா? தெனமும் ஒங்களுக்கு குட்மார்னிங் போடுறேனே."

நின்றவாறே எழுதிவந்த நசீம், 'நேரில் பழகும் சக மாணவர் எத்தனை பேர்?' என்ற வினாவுக்குப் பதினான்கு என்று எழுதினாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சற்றே யோசித்தாள். பின்னர் அந்த எண்ணைத் திருத்தாமல் கையெழுத்திட்டுத் தாளைக் கொடுத்தாள்.