நெல்டாவின் கைக்குப் பொருந்தியது

நெல்டா கிர்ஷ்னர் சுடும் குண்டுகள் அவள் குறிவைத்த இடத்தில் படுவதில்லை. டன்லவி ஊருக்கு மேற்கே, தன் சொந்த நிலத்துச் சுண்ணாம்புக் குழியில் நின்று அவள் சுடுவாள். குண்டுகள் பதினொரு மைல் தள்ளி மெர்வின் ஹாக்கெட்டின் சாமான்களில் படும். முதலில் துளைபட்டது அவனுடைய தபால் பெட்டி. ஏப்ரல் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்துக்கு, சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லாதபோது அந்தத் தகரப் பெட்டியில் ஆறு ஓட்டைகள் விழுந்தன. உள்ளே விதைக் கம்பெனியின் விலைப்பட்டியலும் தேவாலயத்திலிருந்து வந்த ஒரு கடிதமும் இருந்தன. இரண்டிலும் அதே ஆறு ஓட்டைகள். அன்று தெற்கத்திக் காற்று. கோதுமை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

அந்தத் துப்பாக்கியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவள் கணவன் வெண்டல். இருபத்தாறாவது கல்யாண நாளுக்கான பரிசு. அவளே வாய்விட்டுக் கேட்ட பரிசும்கூட. அவர்களுக்கு டேரல் என்று ஒரே மகன் இருந்தான், பத்தொன்பது வயது. முந்தைய அக்டோபரில் ஒரு மழை நாளில் அவனுடைய பிக்கப் வண்டி பெட்ரோல் தீர்ந்து மெர்வினின் வீட்டெதிரே நின்றுவிட்டது. ஒரு கேன் பெட்ரோல் கேட்க அவன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினான். மெர்வின் கதவைத் திறக்கவில்லை, யாரென்றும் கேட்கவில்லை. மூடிய கதவின் வழியே இரண்டு முறை சுட்டான்; டேரல் வாசலிலேயே செத்தான். வழக்கு நான்கு நாள் நடந்தது. தன் நிலத்தில், தன் வீட்டைக் காத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை இருக்கிறது என்று மெர்வினின் வக்கீல் சொன்னார். ஜூரிகள் நாற்பது நிமிடத்தில் மெர்வினை விடுவித்தார்கள். நீதிமன்றப் படியில் மெர்வின் தொப்பியை மாட்டிக்கொண்டு, "பையன் ரெண்டு வார்த்த கத்திச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான். அது நெல்டாவின் காதில் விழுந்தது.

நீதிமன்றத்திலிருந்து வீடு முப்பது மைல். திரும்பும் வழியில் தானியக் கிடங்கு கண்ணில் பட்டபோது நெல்டா கேட்டாள்.

"கல்யாண நாளுக்கு எனக்கு என்ன வாங்கித் தரப்போற?"

"என்ன வேணும் சொல்லு."

"துப்பாக்கி. என் கைக்குச் சரியா இருக்கணும். அழுத்தினா வெடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

வெண்டல் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் சரி என்றான். எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இல்லை. அவனுடைய அப்பா ராணுவத்திலிருந்து கொண்டுவந்த பெரிய கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. டேரலின் அடக்கம் முடிந்த மறுவாரமே அதை எடுத்துப்போய் மாட்டுத் தொட்டியருகே சுட்டுப் பார்த்து, மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள் நெல்டா. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடமாகப் பெரிய பெரிய பீன்ஸ் டின்களைத் திறந்து அவள் கட்டைவிரல் மூட்டு வீங்கிப் போயிருந்தது. உள்ளங்கையும் சின்னது. தான் வாங்கித் தராவிட்டால் கண்ணில் பட்ட முதல் கடையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு நேரே மெர்வினின் வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது வெண்டலுக்குத் தெரியும். நல்லதாகத் தேட நாளாகும், அந்த நாட்களில் அவள் ஆறிவிடுவாள் என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்பது இரண்டாவது கடையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் கடைக்காரன் இளவட்டம். "வீட்டம்மாவுக்கா சார்? இதப் பாருங்க, ரோஸ் கலர்ல வந்திருக்கு. கைப்பையில வெச்சா இருக்கறதே தெரியாது," என்று ஒன்றை நீட்டினான். அது காலி தீப்பெட்டி மாதிரி இருந்தது. இரண்டாம் கடைக்காரன் இன்னும் சின்னதாக ஒன்றைக் காட்டினான். வெண்டல் அதைக் கடைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஐந்து முறை சுட்டான். பிடி உள்ளங்கையை அறைந்து தோலை உரித்தது. அந்தக் கையைப் பார்த்தபடி நின்றபோது தன் மனதில் ஓடியது நெல்டாவின் வலி மட்டுமில்லை என்று அவன் கண்டுகொண்டான். இந்தத் துப்பாக்கி மெர்வினைத் தவறவிட்டுவிடும் என்ற எரிச்சலும் இருந்தது. வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தான், வெட்கம் வரவில்லை. அன்றிலிருந்து கதிரறுக்கும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்குகிற அக்கறையோடு தேடலானான்.

நான்காவது கடை ஓப்பலுடையது. எழுபதைக் கடந்தவள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். வெண்டல் நெல்டாவின் தோட்டத்துக் கையுறையில் ஓட்ஸை நிறைத்து, மணிக்கட்டில் கயிறு கட்டி எடுத்துப் போயிருந்தான். வீங்கிய மூட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டாணியையும் வைத்திருந்தான். ஓப்பல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"என் பொண்டாட்டி கை, மிஸ் ஓப்பல்."

"கைய மட்டும் கூட்டிட்டு வந்திருக்க. மிச்சத்த எங்க விட்ட?"

"பரிசுங்க. அவளுக்குத் தெரியக் கூடாது."

அவள் நான்கு துப்பாக்கிகளை எடுத்து வரிசையாகத் துணியில் வைத்தாள். கையுறையின் விரல்களை ஒவ்வொரு பிடியிலும் சுற்றிப் பார்த்தாள். "எடை கம்மின்னா உதைக்கிறது மொத்தமும் எலும்புக்குத்தான் போகும். கனமா இருந்தா இரும்பே பாதிய வாங்கிக்கும். பொம்பளைக்குச் சின்னது போதும்னு சொல்றவன் பொம்பளை கையப் பிடிச்சதே இல்ல. ஆட்டோமேட்டிக்கும் வேணாம், மேல் இரும்பைப் பின்னால இழுக்கணும், இந்த மூட்டு அதுக்குத் தாங்காது. இந்தா, ரிவால்வர். முப்பத்தெட்டு காலிபர். ஒரு தோட்டா வெடிக்கலேன்னா மறுபடி அழுத்து, அடுத்தது வந்து நிக்கும். மழையில நனைஞ்சாலும் சுடும், அஞ்சு வருஷம் அலமாரில கெடந்தாலும் சுடும்."

பிறகு குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். "வீட்டுப் பாதுகாப்புக்கா?"

"இல்லங்க."

ஓப்பல் கையுறையை ஒரு கணம் பார்த்தாள். டேரலின் சாவு மாவட்டம் முழுக்கத் தெரிந்த செய்தி. "அப்போ ரெண்டு அங்குலக் குழல வெச்சிட்டு நாலு அங்குலத்த எடு," என்றாள். "கொஞ்சம் தள்ளி நின்னாலும் நேரா போகும்." விசை இலகுவாக அழுந்தும்படி உள்பாகங்களைத் தானே தேய்த்துத் தந்தாள். வால்நட் மரப் பிடியை வெண்டல் வீட்டுக் கொட்டகையில் பதினொரு மாலை உப்புத்தாளால் இழைத்து, கையுறையின் அளவுக்குப் பொருந்த வைத்தான்.

கல்யாண நாளன்று பன்றி வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்ட பிறகு நெல்டா பெட்டியைப் பிரித்தாள். கையில் எடுத்தாள். விரல்கள் தாமாகவே இடம் கண்டு படிந்தன. ஆறு மாதமாகச் சிரிக்காதவள் சிரித்தாள். "பல்லு மாதிரி உக்காருது," என்றாள். உடனே கிளம்பிவிடுவாளோ என்று வெண்டல் நினைத்தான். அவள் காரியக்காரி. முதலில் பழகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலை சீக்கிரம் முடியும் நாள் வியாழன். சுண்ணாம்புக் குழியில் ஒரு கம்பத்தில் காகிதத் தட்டை ஆணியடித்து, பத்துத் தப்படி தள்ளி நின்று ஆறு முறை சுட்டாள். சின்ன வயதில் ஓடும் பாம்பைச் சுட்டவள். ஆனால் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலிருந்த மண்சுவரிலும் குண்டு பட்ட தடம் இல்லை. வெண்டல் மண்ணைச் சல்லடையால் சலித்துப் பார்த்தான். தோட்டா போலியோ என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மெர்வினின் தபால் பெட்டிச் செய்தி வந்தது.

அடுத்த வியாழக்கிழமை மெர்வினின் புகாரின் பேரில் ஷெரிஃப் டக்கர் சுண்ணாம்புக் குழிக்கு நேரில் வந்தான். மெர்வினின் சமையலறையில் வயர்லெஸ்ஸோடு ஒரு காவலனை உட்கார வைத்திருந்தான். நெல்டா முதல் குண்டைச் சுட்டாள். வயர்லெஸ் கரகரத்தது: "காபிப் பாத்திரம் சார்." இரண்டாவது. "மாட்டி வெச்சிருந்த தொப்பி." மூன்றாவது. "காலண்டர் சார், ஏப்ரல் மாசம்." ஆறும் முடிந்ததும் டக்கர் தட்டைப் போய்த் தடவிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"மேடம், நீங்க எதைப் பாத்துச் சுட்டீங்க?"

"தட்டை."

"யார் நிலம் இது?"

"என்னுது. என் நிலத்துல சுட எனக்கு உரிமை இருக்கு. நீதிமன்றத்துலயே சொன்னாங்களே, நீயும் அங்கதான உக்காந்திருந்த?"

டக்கர் தன் நோட்டுப் புத்தகத்தில் 'குற்றம் ஏதும் இல்லை' என்று எழுதி, தேதியிட்டு, எலுமிச்சைச் சாறு கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு வருடங்கள் வியாழக்கிழமைகளாகப் போயின. மெர்வினின் வண்டி டயர்கள், தண்ணீர்த் தொட்டி, பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கண்ணாடிக்கூடு, வேதப் புத்தகம், வறுசட்டி எல்லாம் துளைபட்டன. டேரல் செத்த பிறகு புதிதாக மாட்டிய கதவில் நூற்று நாற்பது ஓட்டைகள்; காற்றடித்தால் அந்த வீடு ஊதும், மூன்று மைல் தள்ளியிருந்த கூட்டுறவுக் கடைவரை கேட்கும். "மெர்வின் வாசிக்க ஆரம்பிச்சிட்டான்," என்று கடையில் சொல்லிவிட்டு எடை போடுவார்கள். கூரை ஒழுகியது. உடம்பில் மட்டும் ஒரு சிராய்ப்பும் இல்லை. சட்டை துளைபடும்போது சட்டைக்குள் அவன் இருந்தாலும் இல்லை. மூன்றாம் வருடம் நியூ மெக்ஸிகோவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனான். அங்கே அவனுடைய பெட்டியும் போர்வையும் துளைபட்டன. பக்கத்தில் இருந்த தங்கையின் சாமான்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அவள் ஏழாம் வாரம் அவனைப் பேருந்தேற்றி அனுப்பிவிட்டாள். ரிவால்வர் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. ஒவ்வொரு வியாழனும் சுட்டு முடித்ததும் நெல்டா, "இன்னிக்காவது அவன்மேல பட்டிருக்குமா?" என்று கேட்பாள். வெண்டல் கூட்டுறவுக் கடைக்கு போன் போட்டு விசாரித்து, இல்லை என்பான். ஒரு மூச்சு விடுவான். அவளைச் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்ற நிம்மதி பாதி. மீதிப் பாதி ஏமாற்றம்.

ஏழாம் வருடம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மெர்வின் தானே குழிக்கு வந்தான். பதினொரு மைலும் நடந்து வந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான், கோட்டின் ஓட்டைகள் வழியே சட்டை தெரிந்தது, சட்டையின் ஓட்டைகள் வழியே தோல். நேரே போய்க் கம்பத்தின் முன்னால், தட்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"சுட்டுடு நெல்டா. என்னால முடியல. குடிக்க ஒரு டம்ளர்கூட முழுசா இல்ல."

"உன்னை யாரு இங்க கூப்பிட்டது?" என்றான் வெண்டல்.

"அன்னிக்குக் கதவத் திறந்து பாத்திருக்கணும். ஒரு வார்த்த கேட்டிருக்கணும். தப்புதான். ஒத்துக்கறேன், போதுமா?"

"யாரைச் சுட்டேன்னு சொல்லு," என்றாள் நெல்டா.

"உன் பையனை."

"அவனுக்குப் பேர் இருக்கு."

மெர்வின் அவளைப் பார்த்தான். "டேரல்," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அத்தோடு விட்டுவிடுவாள் என்று அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நெல்டா கையை உயர்த்தி, நெஞ்சுக்கு நேராகக் குறிபார்த்து, ஆறு முறையும் சுட்டாள். கொல்லத்தான் சுட்டாள், பின்னர் ஷெரிஃபிடமும் பாதிரியாரிடமும் அதை மறைக்கவில்லை. மெர்வின் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய கால்சட்டை நனைந்திருந்தது. நெஞ்சில் ஒன்றுமில்லை. அவன் வீட்டில் அதுவரை தப்பியிருந்த ஒரே பொருளான மெத்தை அந்த நேரத்தில் கிழிந்தது. நெல்டா உருளையைத் திறந்து காலித் தோட்டாக் குப்பிகளைக் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இடது கையை நீட்டினாள். தோட்டாப் பெட்டி வெண்டலிடம் இருந்தது. அவளைத் தடுப்பதென்றால் அதுதான் நேரம். அது அவனுக்குத் தெரியும். மண்ணில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான். ஆறு தோட்டாக்களை எண்ணி அவள் கையில் வைத்தான்.

இரண்டாவது ஆறும் முடிந்தபின் வெண்டல் மெர்வினைப் பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏற்றிப்போய் அவன் வாசலில் இறக்கிவிட்டான். "அடுத்த வியாழக்கிழமையும் மூணு பத்துக்குத்தான்," என்றான். "வந்தாலும் சரி, வராட்டியும் சரி." வீடு திரும்பியபோது நெல்டா பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறை மேசையில் துணி விரித்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் படலையேன்னு இருக்கா?" என்றான்.

"முதல்ல இருந்துச்சு." குழலுக்குள் தூரிகையை விட்டு இழுத்தாள். "இப்ப இல்ல. செத்திருந்தா இன்னிக்கோட முடிஞ்சிருக்கும். அப்புறம் வெள்ளிக்கிழமை நான் என்ன பண்றது?"

வெண்டல் அவளெதிரே உட்கார்ந்து காலிக் குப்பிகளைத் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கு அன்று பசித்தது. இரண்டு தடவை பீன்ஸ் வாங்கிச் சாப்பிட்டான்.

மெர்வின் அதன் பிறகு குழிக்கு வரவில்லை. ஒன்பதாம் வருடத்துக் குளிர்காலத்தில், ஓட்டை வழியே வந்த பனி அறைக்குள் நாலு விரற்கடை படிந்து கிடந்தபோது, நுரையீரல் காய்ச்சல் கண்டு ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தான். வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். வெண்டலும் நெல்டாவும் போகவில்லை. தங்கை சாம்பல் நிறக் கருங்கல்லில் பெயரும் வருடமும் பொறித்து நட்டுவிட்டு ஊர் திரும்பினாள்.

இனி தட்டில் படும் என்றுதான் ஊரில் பலர் நினைத்தார்கள். சிலர் பார்க்கவும் வந்திருந்தார்கள். கல் நட்ட பிறகு வந்த முதல் வியாழக்கிழமை நெல்டா புதுத் தட்டொன்றை ஆணியடித்து ஆறு முறை சுட்டாள். தட்டு வெள்ளையாகவே இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மெர்வினின் கல்லில், அவன் பெயரின் முதல் எழுத்துக்குக் கீழே ஆறு சில்லுகள் பெயர்ந்து விழுந்தன. சுற்றியிருந்த கல்லறைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. அவற்றின் மேலிருந்த பிளாஸ்டிக் பூக்கள்கூட ஆடவில்லை என்று அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த கல்லறைக் கமிட்டி ஆள் சொன்னான். அவன் பயந்ததாகச் சொல்லவில்லை. கல்துகள் கண்ணில் விழுந்துவிட்டது என்றான். கமிட்டி அடுத்த மாதம் கூடியபோது இதைப் பேசினார்கள். புல் வெட்டும் நாளை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்றினார்கள்.