வாய் இல்லாத முகம்

போர்டு எழுதுகிறவருக்கு முப்பது வருஷத் தொழிலில் ஒரே ஒரு கொள்கைதான்: பலகையில் ஏறுகிற எந்த முகமும் அசிங்கமாக இருக்கக் கூடாது. போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, பலகையிலும் அதையே பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் முகத்தை இறக்கிவிடுவார். இறக்கும்போதே மரு காணாமல் போகும், கண்ணுக்குக் கீழே தொங்கும் பை வற்றிவிடும். மருந்துக்கடைக்காரரின் வழுக்கைக்கு அவர் தாராளமாகக் கொடுத்த சுருட்டை முடியைப் பார்த்து, கட்டின மனைவியே யாரோ என்று நினைத்துவிட்டாளாம். அழகாக்கினால் யார்தான் சண்டைக்கு வருவார்கள்?

அவருடைய தம்பியும் முகம்தான் வரைந்தான். ஆனால் அவன் வரைந்தால் கன்னம் பச்சையாகும், ஒரு கண் காதுப் பக்கம் ஒதுங்கும், கழுத்து பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். அவன் படங்களோடு ஓர் அறையில் தனியாக நிற்க யாருக்கும் தைரியம் வராது. தெருவில் அவனுக்குக் ‘கோணல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் கோபப்படவில்லை. படத்தின் மூலையில் அதையே கையெழுத்தாகப் போட ஆரம்பித்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் கடையில் மிச்சமான பலகை ஒன்றை எடுத்துப்போய், அவரையே வரைந்தான். கூப்பிட்டுக் காட்டினான். களிமண் நிறத்தில் ஒரு முகம். அதில் வாயே இல்லை. மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வெறும் தோல். கண்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. கைகளோ உடம்பைவிடப் பெரிதாகத் தரை வரைக்கும் தொங்கின.

"என்னடா இது? உனக்கு நான் என்னடா கெடுதல் பண்ணினேன்?"

"அண்ணே, கொஞ்சம் நின்னு பாரு..."

அவர் நிற்கவில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சுதான். அடுத்த தெருவில் இருந்துகொண்டே நாலு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பேசிவிடலாம், பேசிவிடலாம் என்று மனதுக்குள் அடித்துக்கொண்டதெல்லாம் உண்மைதான். போன மாதம் தம்பி மாரடைப்பில் பொசுக்கென்று போய்விட்டான். இனி யாரிடம் பேசுவது?

அவன் படித்த ஓவியப் பள்ளியில் அவன் படங்களையெல்லாம் பார்வைக்கு வைக்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவன் படம் வரைகிற அறையின் சாவியைத் தம்பி மனைவி அவரிடம் கொடுத்தாள். "தூசி மட்டும் தட்டி வைங்க மாமா. நான் வேலை முடிஞ்சு வந்துடுறேன்."

அறையைத் திறந்ததும் எதிரே நின்றது அந்தப் பலகைதான். ஊரே வந்து பார்க்கப்போகிறது. தன் மானத்தைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிட, கூடப்பிறந்தவனைப் பேயாக வரைந்தவன் என்று செத்தவனை நாலு பேர் ஏசிவிடுவார்களே என்றுதான் அவருக்குப் பதறியது. தம்பிக்குக் கடைசியாக ஒரு நல்லது செய்வோம் என்று கடைக்குப் போய் டப்பாக்களை எடுத்துவந்தார்.

பழைய எழுத்தின் மேல் புது எழுத்து எழுதுகிற ஆளில்லை அவர். எந்தப் பலகையானாலும் சுரண்டிவிட்டுத்தான் தொடுவார். தம்பி விரல் கனத்துக்கு அப்பியிருந்த வண்ணத்தைத் தகட்டால் வழித்தெடுத்தார், உப்புத்தாள் போட்டு மரம் தெரியத் தேய்த்தார். மதியத்துக்குள் தோல் நிறம் வந்தது, கண்கள் உள்ளே போயின, வாய் வந்தது. வாயில் ஒரு சின்னச் சிரிப்பும் வந்தது. கைகளை அளவாக்கி மடியில் வைத்தார்.

சாயங்காலம் வந்த தம்பி மனைவி கதவிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா... என்ன பண்ணிட்டீங்க?"

"சரி பண்ணிட்டேம்மா. நாலு பேர் பார்க்கிற இடமில்லையா?"

அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள். "இது ஒண்ணைத்தான் மாமா அவர் யாருக்கும் கொடுக்க மாட்டேன்னு வச்சிருந்தாரு. உங்க அப்பா செத்த அன்னைக்கு எல்லாரும் அழுதாங்களாம், நீங்க மட்டும் வாயே திறக்கலையாம். மறுநாள் ஏணியைத் தூக்கிட்டு வேலைக்குப் போயிட்டீங்களாம். ‘எங்கண்ணன் எல்லாத்தையும் முழுங்கிட்டான், அந்தக் கைதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு’ன்னு இதைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாரு."

அவர் தரையைப் பார்த்தார். சுரண்டிய வண்ணம் பொடிப்பொடியாகக் கிடந்தது. அப்பா போன அன்றைக்கு இருந்த பதினாறு வயசுதான் நெஞ்சில் வந்து நின்றது.

"இந்தப் படத்தை எடுத்த போட்டோ ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல மாமா."

"நீ சொல்லு. சொல்லச் சொல்ல நான் போடுறேன்."

அவள் சொன்னாள். அவர் பலகையில் இருந்த வாயைத் துடைத்தார், கண்களைப் பிதுக்கினார், கைகளை நீட்டினார். ஆனால் பழகின கை யார் பேச்சைக் கேட்கும்? பிதுங்க வேண்டிய கண்கள் பெரிய அழகான கண்களாயின. கைகள் மொழுமொழுவென்று நீண்டன. துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார். மூன்று தடவை போட்டார். வாய் இல்லாத முகம் வரவில்லை, வாய் வரைய மறந்துபோன முகம்தான் வந்தது.

"இப்படி இல்ல மாமா," என்றாள் அவள் மெதுவாக.

"எனக்கு வரலைம்மா. அவனுக்குத்தான் வரும்." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அப்பா செத்தபோது திறக்காத வாய் அப்போது திறந்தது. தெருவுக்கே கேட்கும்படி, "டேய் தம்பி" என்று அழுதார்.