அப்பா எழுதி வைத்த பெயர்

ஃபிரிட்ஜ் கதவில் கடுகு விழுதுக்கும் மோர்ப் புட்டிக்கும் நடுவில் இருந்த டப்பாவைத் திறப்பதற்குள் கேஷேவுக்கு ஒரு நகம் போயிற்று. அந்த ஊரில் தனியாக இருக்கும் கிழடுகள் எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் அப்படி ஒரு டப்பா உண்டு. ஆபத்துக்கு உதவ வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள். காலையில் அப்பா ஹின்னெர்க் நினைவில்லாமல் கிடந்து திணறிய திணறலில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. ஆம்புலன்ஸ் போனபிறகு கேஷே ஓடி வந்து எடுத்தாள்.

உள்ளே மருந்துப் பட்டியலும் நான்காக மடித்த பத்திரமும் இருந்தன. தனக்கு நினைவு தப்பினால் தன் சார்பில் முடிவெடுக்க ஓர் ஆளை ஹின்னெர்க் அதில் நியமித்திருந்தார். கேஷே ஒரே மகள். ஐம்பத்திரண்டு வயதிலும் வாரம் தவறாமல் வந்து அவர் துணிகளைத் துவைத்துப் போடுகிறவள். தன் பெயரைத் தவிர வேறு பெயர் அதில் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஓக்கோ என்று இருந்தது.

பக்கத்து வீட்டு ஓக்கோ. உயிர்வேலி ஒரு சாண் உயர்ந்துவிட்டது என்று அப்பாவை நகராட்சிக்கு இழுத்த மனிதர். பதினொரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஹின்னெர்க்குக் காரணம் சொல்லாமல் எதையும் விடத் தெரியாது. கீழே எழுதியிருந்தார்: "என் மகள் ஒரு குருட்டுப் பூனையைப் பதினாலு மாதம் டிரிப்ஸ் ஏற்றி வைத்திருந்தவள். என்னையும் விடமாட்டாள். ஓக்கோ என்மேல் ஒருநாளும் இரக்கப்பட்டதில்லை. அவன் சரிப்படுவான்."

கேஷே ஃபிரிட்ஜ் கதவை அறைந்து மூடினாள். "இப்பவும் வம்புதானா இந்த மனுஷனுக்கு" என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய காருக்குப் பக்கத்தில் ஓக்கோ கோட்டு மாட்டித் தயாராக நின்றார்.

"பத்திரத்தை எடுத்துக்கிட்டியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா, மாமா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி வேலிக்கு மேல நீட்டி, கையெழுத்துப் போடுன்னான். போட்டேன். அப்பவும் நாங்க பேசிக்கல."

"கையெழுத்துப் போடுன்னு சொன்னாரே, அது பேச்சு இல்லையா?"

"அது வேலை" என்று சொல்லிவிட்டு ஓக்கோ காரில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பத்திரத்தை இரண்டு தடவை படித்தாள். "மூளைல ரத்தக் கசிவு ரொம்பப் பெருசு. இனிமே நினைவு திரும்பாது. குழாய் போட்டு மெஷின்ல வெச்சா கொஞ்ச நாள் தள்ளலாம். வேண்டாம்னு இவர் தெளிவா எழுதியிருக்கார். இவருக்காக நீங்க சொல்லணும்" என்று ஓக்கோவைப் பார்த்தாள்.

ஓக்கோ தொண்டையைச் செருமினார். "போடுங்க."

"எதை?"

"குழாயைத்தான்."

"இதுல வேண்டாம்னு இருக்கே."

"அவன் எழுதினதுல எதுதான் சரியா இருந்திருக்கு? நகராட்சிக்குப் பதினேழு கடுதாசி போட்டான், பதினேழுலயும் என் பேர் தப்பு. ஒரு வாரம் போட்டுப் பாருங்க."

கேஷேவின் மனசு குளிர்ந்துபோயிற்று. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அப்பா இன்னும் ஒரு வாரம் இருப்பார். பழியும் தன் தலையில் விழாது. வாய் தானாகத் திறந்துவிடப் போகிறதே என்று பயந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அப்பாவின் முகம் நேரே தெரிந்தது. புருவம் இரண்டும் நெரிந்திருந்தன. தன்னைக் கேட்காமல் யாராவது எதையாவது செய்தால் அவர் வைத்துக்கொள்ளும் முகம் அது.

"மாமா, அவர் வேண்டாம்னு எழுதியிருக்கார்" என்றாள்.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

ஓக்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வேண்டாம்னு சொன்னா, பழி தீர்த்துட்டான்னு ஊரே பேசும். அது கிடக்கட்டும். தினம் காலைல எட்டிப் பார்ப்பேன், எந்திரிச்சிட்டானான்னு. அவனைப் பார்த்தாதான் எனக்குக் கோபம் வரும், அப்புறம்தான் பசிக்கும். நாளைக்கு நான் யாரைப் பார்க்கிறது?"

கேஷே எழுந்து வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பக்கத்துலயே இருக்கேன். சொல்லுங்க மாமா."

"வேண்டாம்" என்றார் ஓக்கோ, கட்டிலைப் பார்த்து. "அவனுக்கு வேண்டாமாம்."

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் இருவரும் உட்கார்ந்தார்கள். ஓக்கோ பதினொரு வருஷத்துப் பேச்சையும் சேர்த்து வைத்து ஹின்னெர்க்கைத் திட்டினார். வேலியில் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் துளைபோடும் மிஷினை ஓட்டியதுவரை ஒன்றையும் விடவில்லை. கேஷே அழுதாள், நடுவில் இரண்டு தடவை சிரித்தும்விட்டாள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வசவின் பாதியில் ஹின்னெர்க்கின் மூச்சு நின்றது. ஓக்கோ அந்த வசவை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

நர்ஸ் வந்து பார்த்தாள். நேரத்தைக் குறித்துக்கொண்டு, பத்திரத்தில் பெயர் உள்ளவர் என்பதால் ஓக்கோவிடம் தணிந்த குரலில் கேட்டாள்: "இவர் உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்து விடட்டுமா?"

"அவளைக் கேளும்மா" என்றார் ஓக்கோ.

கேஷே எழுந்து போய்த் தானே திறந்தாள். காற்று சில்லென்று உள்ளே வந்தது. ஓக்கோ எழுந்து, போர்வையை ஹின்னெர்க்கின் கழுத்துவரை இழுத்துவிட்டார்.