முகத்துக்கு வெளிச்சம்

"யாருப்பா லைட்ட அணைச்சது?" என்று கூடத்தில் ஒரு குரல் எழுந்தது.

கேமராமேன்தான் அணைத்தார். இறந்து கட்டிலில் கிடத்தப்பட்டிருந்த தங்கையின் முகத்தில் குழல்விளக்கு நேர் மேலிருந்து கொட்டி, கண்ணுக்குக் கீழே குழி பறித்திருந்தது. நாற்பது வருடம் விளக்குகளோடு குப்பை கொட்டியவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அணைத்தால் முகமே தெரியவில்லை. மறுபடி போட்டார்.

தங்கையின் மகள் கைப்பேசியோடு வந்தாள். சட்டம் போட்டு வைக்க அம்மாவின் படம் ஒன்று வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் கும்பலோடு நின்ற படங்கள்.

"மாமா, நீங்க எடுத்த அந்த சினிமாப் பாட்டுல அம்மா தனியா ஆடுவாங்களே, அதுல மூஞ்சி எங்கயாவது தெரியுதா? மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்."

"தெரியாதும்மா."

பக்கத்து வீட்டுக்காரர் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! பின்னாலேருந்து மட்டும் வெளிச்சம். மூஞ்சியக் காட்டாமலே அழ வச்சிட்டீங்களே சார்!"

விருது கொடுத்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் வெற்று வீட்டில் ஆடுகிற காட்சி. குரூப் டான்ஸில் கடைசி வரிசையிலேயே ஆடிக்கொண்டிருந்த தங்கைக்கு முதல்முறையாகத் தனி ஆட்டம். "முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் வச்சுக்கலாமா?" என்று டைரக்டர் இவரிடம்தான் கேட்டார். டீ குடிக்கும்போது அவளும் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரே ஒரு ஷாட்டுல மூஞ்சிக்கு லைட் குடேன். அழுகை தானா வருதுண்ணே."

"உனக்கென்ன தெரியும்? போய் ஆடு."

காட்சிக்கு இருட்டுதான் பொருத்தம் என்று எல்லோரிடமும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் 'தங்கச்சிக்கு க்ளோசப் வச்சுக்கிட்டான்' என்று செட்டில் நாலு பேர் பேசிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. படம் ஓடு ஓடென்று ஓடியது. ஆடியது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் பழையபடி கடைசி வரிசைக்கே போனாள். ஒருநாள்கூட அதைக் குத்திக்காட்டியதில்லை. ஒருதரமாவது திட்டித் தொலைத்திருந்தால் இன்று நெஞ்சு இப்படிக் கனத்திருக்காது.

கேமராமேன் வெளியே போனார். காரின் பின்பக்கம் எப்போதும் கிடக்கும் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையோடு திரும்பினார். குழல்விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையை விலக்கினார். தரையில் விழுந்த வெயிலுக்கு நேரே உட்கார்ந்து அட்டையைச் சாய்த்துப் பிடித்தார். வெயில் அதில் பட்டுத் தங்கையின் முகத்தில் மெத்தென்று பரவியது. குழிகள் மறைந்தன.

கூடத்தில் இருந்தவர்கள் கட்டிலருகே வந்தார்கள்.

"எவ்வளவு அழகா இருந்திருக்கா!" என்றாள் யாரோ ஒருத்தி, இப்போதுதான் பார்ப்பவளைப் போல.

நேரம் போயிற்று. மகள் அருகில் வந்து குனிந்தாள். "கீழ வைங்க மாமா. எவ்வளவு நேரமா புடிச்சிட்டிருக்கீங்க."

"இன்னும் ஆளுங்க வராங்கல்லம்மா. பாத்துட்டுப் போகட்டும்."

வெயில் நகர்ந்தது. அட்டையோடு அவரும் அரையடி நகர்ந்து உட்கார்ந்தார்.