திரும்பி வராத காற்று

நிமோனியாவில் படுத்தெழுந்த வெல்டருக்கு அன்று நுரையீரல் சோதனை. இதில் தேறினால்தான் பட்டறை வேலை. தவறினால் வாயிற்காவல் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவர் மூக்கில் கவ்வியை மாட்டிக்கொண்டு, குழாயை உதடுகளால் இறுகப் பற்றினார்.

"நல்லா இழுங்கண்ணே! அடக்குங்க, அடக்குங்க... இப்ப விடுங்க!" என்றாள் சோதனை செய்த பெண்.

வாங்கிய காற்றைச் சிந்தாமல் சிதறாமல் ஒப்படைப்பதே கெட்டிக்காரத்தனம் என்றெண்ணி, அவர் அடிவயிற்றிலிருந்து ஊதினார்.

அவள் திரையைப் பார்த்து, "வாயு கொஞ்சந்தான் திரும்பி வந்திருக்கு" என்றாள். அவர் முகம் தொங்கிவிட்டது.

"இன்னும் பலமா ஊதட்டுமாம்மா? மிச்சம் உள்ளேதான் இருக்கும்."

"ஐயோ அண்ணே, அது வரக் கூடாது! காத்துல ஒரு சிட்டிகை வாயு கலந்திருக்கோம். நுரையீரல் நல்லா இருந்தா அது ரத்தத்துக்குள்ள போயிடும். எவ்வளவு போச்சுன்னுதான் அளக்கறோம்."

அவர் கண்கள் விரிந்தன. "நுரையீரல் சுவரைத் தாண்டியா போகுது? அப்ப ரத்தம் ஏன் இந்தப் பக்கம் கசியல?"

"அவ்வளவு மெல்லிசான சுவரு. ஆனா வாயுவுக்குத்தான் வழிவிடும்."

"நான் ஒட்டற தகடுகூட அப்படி இருக்காதே!" என்று வியந்தவாறே, அவர் மறுமுறையும் ஊதினார். அளவு மாறவில்லை.

"தேறிட்டீங்க. பட்டறைக்கே போகலாம்னுதான் டாக்டர் சொல்லுவாரு."

கதவருகே நின்ற மனைவி சிரித்தாள். "தேறாம என்ன? பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்டுப் பாரும்மா. வாங்கினதைத் திருப்பித் தராத குணம் இவருக்கு நெஞ்சுக்குள்ளயே ஊறிக் கிடக்கு!"