சமஷ்டி மகஜரும் எங்கள் மடையும்

கொல்லம் ஆண்டு 1112, இங்கிலீஷ் கணக்கில் 1936, மார்கழி மாதம். எங்கள் மடையின் பலகை உடைந்து, வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் ஓடையோடு போயிற்று. மடை சர்க்காருடையது, நாங்கள் ஓர் ஆணி அடித்தாலும் குற்றம். தலைமுறை தலைமுறையாக மடைக்காகப் பேசுவது எங்கள் குடும்பம் என்பதால், தாலுகா கச்சேரிக்கு நான் தமிழில் மனு எழுதினேன். மாசியில் அறுக்கவேண்டிய கும்பப்பூ நெல் பால் பிடிக்கும் சமயம். பத்து நாளில் தண்ணீர் வராவிட்டால் மிஞ்சுவது வைக்கோல்.

ஐந்தாம் நாள் மனு திரும்பி வந்தது. கச்சேரியில் தமிழ் வாசிக்க ஆளில்லையாம். திருவனந்தபுரத்துச் சர்க்காரின் பாஷையான மலையாளத்தில் எழுதித் தரவேண்டுமாம்.

“குழித்துறையில எழுதித் தர ஆளு உண்டு அத்தான். கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு வாரும்” என்றான் மைத்துனன் நாராயணபெருமாள்.

“வாசிக்கத் தெரியாத கடுதாசியில எங்க குடும்பத்துல எவனும் கையெழுத்துப் போட்டதில்ல.”

“நெல்லு கருகுது.”

“கருகட்டும். மானம் பச்சையா நிக்கும்.”

“மாசியில அதையா அறுக்கப் போறீரு?”

இரண்டு நாள் கழித்து ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வடசேரிக்கு மோட்டாரில் வந்து கூட்டம் போட்டார். சமஸ்தானங்களையும் சேர்த்து இந்தியா முழுவதற்கும் ஒரே கூட்டாட்சியாகச் சமஷ்டி வரப்போகிறதாம். நம் சமஸ்தானத்தின் பாஷையையும் வழக்கத்தையும் டெல்லிக்காரன் மதிப்பானா என்று அழாத குறையாகக் கேட்டார். பெரிய இடம் சிறிய இடத்தின் குரலை அதன் பாஷையிலேயே கேட்கவேண்டும் என்றார். எனக்குப் புல்லரித்தது. பிறகு டெல்லிக்கு அதையே எடுத்துச் சொல்லும் கூட்டு மனுவாக, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட ஒரு மகஜரை நீட்டினார். அது மலையாளத்தில் இருந்தது.

“தமிழில் தந்தால் போடுகிறேன்” என்றேன். தமிழ்க் குடும்பங்கள் விலகினால் மகஜரில் ‘ஏகமனதாக’ என்ற சொல்லை அடிக்கவேண்டி வரும். அவர் முகம் சுருங்கியது.

மறுநாள் காலையிலேயே கச்சேரிக் குமாஸ்தா செல்வதாஸ் வந்துவிட்டான். கையில் முத்து முத்தான தமிழில் மகஜர்.

“யாரு எழுதினது?”

“நம்ம கச்சேரியிலதான்.”

“எழுதுன ஆளுக்கு வாசிக்கவும் தெரியுமில்லா? இந்த மனுவைக் கொண்டு போய்க் குடும். மடையில தண்ணி வந்த பொறவு வாரும்.”

அடுத்த நாளே ஓவர்சியர் வந்தார், ஆசாரி வந்தான், புதுப் பலகை வந்தது. ஒருநாளும் காணாத வேகம். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் ஞானதாசன் வந்து நின்றான். வாய்க்காலின் கோடியில், கடைமடை வயல்களைப் பாட்டக் குத்தகைக்குப் பயிரிடுகிறவன். மேல்வயல்காரர்கள் நாங்கள் மடைக்கூட்டத்தில் கூடி வகுத்த முறைப்படி, மேல்வயல்கள் நிறைந்த பிறகே அங்கே தண்ணீர் போகும்.

“எங்களுக்குத் தண்ணி வர நாலு நாளாவும் ஐயா. அதுக்குள்ள எல்லாம் பதராப் போவும். மடைக்கூட்டத்துல எங்க பக்கம் ஒருத்தனையும் சேத்தா நாங்களும் சொல்லலாம்.”

“ஒங்களுக்கும் சேத்துத்தானே நான் பேசினேன்?”

“திருவனந்தபுரத்துல உள்ளவியளும் ஒங்களுக்குச் சேத்துத்தான் பேசுதாவ ஐயா.”

பணிவாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தோன்றிய பதில்கள் எல்லாம் கச்சேரிக்காரன் சொல்லக்கூடியவையாகவே இருந்தன. ஆளை விட்டு மேல்வயல் வரப்பின் வாயை அடைக்கச் சொல்லி, தண்ணீரைக் கடைமடைக்குத் திருப்பினேன். மடைக்கூட்டத்துக்கும் வரலாம் என்றேன்.

கூட்டத்தில் அவன் உட்கார்ந்து பேசுவதா, நின்று பேசுவதா என்பது குடும்ப கௌரவம் சம்பந்தப்பட்டது. அதைச் சமஷ்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.